கொரியாடவுனில் கறி சுடும் மேஜை: அது எந்த ஊர்ச் சாப்பாடு?

லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் பூல்வார்டு வழியாகப் போனால் பளீர் ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு கட்டடம் கண்ணில் படும். கூரை கொரிய அரண்மனைகளில் இருப்பதுபோல் நுனி வளைந்திருக்கும். உள்ளே போனால் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்துச் சாப்பாடு, மோலே குழம்பும் சோளத் தட்டையும். கெலாகெட்சா என்று பெயர், 2015ல் ஜேம்ஸ் பியர்ட் என்ற அமெரிக்க உணவுத்துறை விருது வாங்கிய உணவகம். ஆனால் அந்தக் கூரை அவர்கள் போட்டதல்ல. 1975ல் ஹி டுக் லீ என்கிற கொரியர் தன் உணவகத்துக்காகக் கொரியாவிலிருந்து நீல ஓடுகளை வரவழைத்து வேய்ந்த கூரை அது. மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு 1960களின் கடைசியில் அமெரிக்கா வந்தவர் அவர். 1971ல் அதே சாலையில் ஒலிம்பிக் மார்க்கெட் என்று ஒரு கொரிய மளிகைக்கடை போட்டார். அந்தக் கடையையும் விஐபி பேலஸ் என்று பெயர்பெற்ற இந்த உணவகத்தையும் சுற்றித்தான் கொரியாடவுன் வளர்ந்தது. நகராட்சி அந்தப் பெயரை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1980ல்.

கொரியன் பார்பிக்யூ என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்திருக்கும் அந்த மேஜை அனுபவத்தைப் புரிந்துகொள்ள இந்த மாதிரி இடங்களிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். நடுவில் அடுப்பு, சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சின்னக் கிண்ணங்கள், தட்டு தட்டாக மாட்டுக்கறி, இடுக்கி, கத்தரிக்கோல். இதைப் பார்த்ததும் ‘ஆயிரம் ஆண்டு கொரியப் பாரம்பரியம்’ என்று யூடியூபில் சொல்லிவிடுகிறார்கள். கறியை ஊறவைத்துச் சுடுவது கொரியாவில் பழசுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு கறியை, நாலு பேர் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி உட்கார்ந்து தின்பது பழசே கிடையாது. கறி அரிதாக இருந்த நாட்டிலிருந்து கறி மலிவாக இருந்த நாட்டுக்கு வந்தவர்கள், வாடகை குறைந்த ஒரு பேட்டையில், பக்கத்துவீட்டு மெக்சிகோக்காரர்களின் உழைப்பையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கியது அது.

கொரியாவில் மாடு என்பது முதலில் ஏர் இழுக்கும் உயிர். அதனால் ஜோசன் அரசர்கள் காலத்தில் மாடு அறுக்கத் தடை போட்டுக்கொண்டே இருந்தார்கள். திரும்பத் திரும்பத் தடை போட வேண்டியிருந்தது என்பதிலேயே தெரிகிறது, மேல்தட்டு ஆட்கள் அதை எப்படி மதித்தார்கள் என்று! மெல்லிய துண்டுகளாக நறுக்கி, சோயா சாறும் நல்லெண்ணெயும் தடவிச் சுடுகிற நொபியானி அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும் கிடைத்தது. மற்றவர்களுக்கு மாட்டுக்கறி என்றால் பண்டிகைக்கும் முன்னோர் படையலுக்கும்தான். கொஞ்சக் கறி கிடைத்தால் அதை எப்படி நிறையப் பேருக்குப் பங்கிடுவது? சூப்பு வைப்பதுதான் வழி. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுப் பால்போல் வெள்ளையாக எடுக்கும் சொல்லங்தாங் அந்தக் கணக்கில் வந்தது. விலா எலும்புக் கறியான கல்பிக்குப் பெயர்போன சுவோன் நகரத்தில் பெரிய மாட்டுச் சந்தை இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மாடு நிறையக் கூடிய இடத்தில் கல்பியை ஒரு கடை வியாபாரமாக நடத்துவது சுலபமாக இருந்திருக்கும்.

அப்புறம் போர். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போருக்குப் பிறகு நாடே பிச்சைக்காரத்தனமாகக் கிடந்தது. 1970களில் கையில் காசு புழங்க ஆரம்பித்ததும்தான் சோல் நகரத்தின் கங்நாம் பகுதியில் தோட்டமும் செயற்கை அருவியுமாகப் பிரம்மாண்டமான கல்பி உணவகங்கள் வந்தன. அவற்றில் புகழ்பெற்ற சாம்வோன் கார்டன் திறந்தது 1976ல். லாஸ் ஏஞ்சலஸில் அந்த நீலக் கூரை ஏறி ஒரு வருடம் கழித்து! சோலில் நடுத்தர வர்க்கம் குடும்பத்தோடு போய்க் கல்பி சாப்பிடப் பழகியதும் கொரியாடவுனில் பழகியதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடந்த சங்கதிகள். மூத்தது எது, இளையது எது என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

இன்னொரு பங்காளியும் உண்டு, ஜப்பான். கொரியாவை ஜப்பான் ஆண்ட காலனி ஆட்சிக் காலத்தில் ஜப்பானுக்குப் போன, கொண்டுபோகப்பட்ட கொரியர்களில் லட்சக்கணக்கானவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒசாகாவின் சுருஹாஷி மாதிரியான கொரியச் சேரிகளில், ஜப்பானியர்கள் ஒதுக்கிய குடலையும் உறுப்புக்கறியையும் வாங்கிச் சுட்டு விற்றுப் பிழைத்தார்கள். ‘யாக்கினிக்கு’ (சுட்ட கறி) என்று ஜப்பான் இன்று கொண்டாடுவதற்கு அதுதான் அடித்தளம். மேஜைக்கு அடியிலேயே புகையை உறிஞ்சிக்கொள்ளும் அடுப்பை 1980ல் சந்தைக்குக் கொண்டுவந்ததும் நகோயாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம். கொரிய உணவகத்தின் சின்னமாக நாம் நினைக்கும் அந்த மேஜையில் புலம்பெயர்ந்தவர்களின் கை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, லாஸ் ஏஞ்சலஸுக்கு வருவோம். 1965ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, நாடுவாரி ஒதுக்கீடு என்ற பெயரில் ஆசியர்களைத் தடுத்து வைத்திருந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. 1970 கணக்கெடுப்பில் அமெரிக்கா முழுக்க இருந்த கொரியர்கள் சுமார் 70,000 பேர். 1980ல் மூன்றரை லட்சத்துக்கும் மேல். வந்தவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள், ஆனால் ஆங்கிலம் தடுமாறும், கொரியப் பட்டத்துக்கு மதிப்பில்லை. அதனால் கடை. மளிகைக்கடை, மதுக்கடை, சலவைக்கடை, உணவகம். வங்கி கடன் தராது என்பதால் ‘கே’ போட்டுப் பணம் புரட்டினார்கள். நம்மூர்ச் சீட்டு மாதிரியேதான். பத்து இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் கட்டுவது, முறை வைத்து ஒவ்வொருவரும் மொத்தமாக எடுப்பது, எடுத்தவர் ஓடிவிட்டால் எல்லாரும் தலையில் கைவைப்பது உட்பட. இடமும் தோதாக அமைந்தது. ஒரு காலத்தில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் கூடிய வில்ஷைர் பகுதியிலிருந்து வெள்ளையர் புறநகர்களுக்கு நகர, கட்டடங்கள் காலியாகி வாடகை இறங்கியிருந்தது.

இங்கேதான் கறியின் கதை திரும்புகிறது. அமெரிக்கர்களுக்கு மாட்டில் பிடித்தது ஸ்டேக். விலா எலும்புத் துண்டு அவர்களுக்கு இரண்டாம்பட்சம், நீளநேரம் வேகவைத்தால்தான் மெதுவாகும் என்று ஒதுக்கிய மலிவு கறி. கொரியர்களுக்கோ அதுதான் மாட்டிலேயே உசத்தி. பொன்னைத் தவிட்டு விலைக்கு விற்கிறார்களே என்று இருந்திருக்கும்.

ஆனால் வெட்டு வேறு. கொரியாவில் கல்பி வெட்டுவது கைவேலை. ஒரே ஒரு எலும்பை இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் கறியைக் கத்தியால் இடமும் வலமுமாகச் சீவிச் சீவி, எலும்பிலிருந்து பிரியாமல் ஒரு நீளமான நாடாவாக விரிக்க வேண்டும். அப்புறம் அதன்மேல் வைர வடிவக் கோடுகள் கீற வேண்டும். பழக வருடக்கணக்கு ஆகும், ஒரு துண்டுக்கு நிமிடக்கணக்கு ஆகும். அமெரிக்கக் கசாப்புக் கடையில் இருந்ததோ மின்ரம்பம். மூன்று நாலு விலா எலும்புகளைச் சேர்த்துக் குறுக்காக, அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் ஒரே இழுப்பில் அறுத்துத் தள்ளிவிடும். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் சூப்புக்கும் வேகவைக்கவும் இதே குறுக்குவெட்டில் வாங்குவார்கள் என்பதால் அமெரிக்கக் கடைக்காரர்களுக்கும் அது புதிதில்லை. அந்தப் பட்டைதான் எல்.ஏ. கல்பி. பெயர் லாஸ் ஏஞ்சலஸ் ஊரிலிருந்து வந்ததா வேறு எதிலிருந்தாவது வந்ததா என்று கொரியர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

அந்தப் பட்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு ஓரத்தில் பொத்தான் மாதிரி மூன்று எலும்பு வட்டங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைச் சவ்வு, மற்றபடி முழுக்கக் கறியும் கொழுப்பும் வரி வரியாக. மெல்லியதாக இருப்பதால் ஊறலும் சீக்கிரம், வேகலும் சீக்கிரம். ஊறல் என்பது சோயா சாறு, சர்க்கரை, பூண்டு, நல்லெண்ணெய், மிளகு, அரைத்த கொரியப் பேரிக்காய். பேரிக்காய் கிடைக்காதவர்கள் கிவிப் பழம் போட்டார்கள், சிலர் செவன் அப் ஊற்றினார்கள், கோக் கூட ஊற்றினார்கள். கிவியில் இருக்கும் நொதி புரதத்தைச் சிதைத்துக் கறியை மெதுவாக்கும். ராத்திரி முழுக்க விட்டால் கறி கூழாகிவிடும் என்பதால் அதை அளவோடு, கடைசி நேரத்தில் சேர்ப்பார்கள். அடுப்பில் போட்டதும் பட்டை சுருங்கி எலும்புப் பக்கமாக வளையும், விளிம்பில் சர்க்கரை கருகிப் பிசுபிசுக்கும், ஒரு நிமிடம் இரண்டு நிமிடம்தான், திருப்பிப்போட்டு, எலும்பை ஒட்டிக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும். எலும்பைச் சுற்றி இருக்கிற அந்தச் சவ்வுப் பகுதி சுடச்சுடக் கடித்து இழுத்துச் சாப்பிட வேண்டிய சமாச்சாரம். விவரம் தெரிந்தவர்கள் அதை மற்றவர்களுக்கு விட்டுத்தர மாட்டார்கள்.

தென்கொரியா மாட்டுக்கறி இறக்குமதியைப் படிப்படியாகத் திறந்தபோது இந்த அமெரிக்க வெட்டும் கூடவே போய்ச் சேர்ந்தது. இன்று சூசோக், சொல்லால் பண்டிகைகளுக்குக் கொரிய வீடுகளில் எல்.ஏ. கல்பி ஊறாமல் இருப்பது அபூர்வம். பரிசுப் பெட்டியில் கட்டி உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள். 2008ல், மாட்டுப் பைத்திய நோய் (மேட் கவ்) பயத்தில் நிறுத்தியிருந்த அமெரிக்க மாட்டுக்கறியைத் திரும்ப அனுமதித்ததற்காக சோல் தெருக்களில் லட்சக்கணக்கானோர் மெழுகுவத்தி ஏந்திப் போராடினார்கள். சமீப ஆண்டுகளில் அதே நாடுதான் அமெரிக்க மாட்டுக்கறிக்குப் பண மதிப்பில் முதலிடத்து வாடிக்கையாளர்.

இனி மேஜை. கறியை நீங்களே சுட்டுக்கொள்கிறீர்கள், சமையல்காரர் செலவு மிச்சம், கடைக்காரருக்கு ஜாலிதான் என்று முதலில் தோன்றும். அப்படி இல்லை. நாலு பேர் உட்கார்ந்த மேஜைக்குப் பான்சான் என்கிற தொட்டுக்கொள்ளும் வகைகள் பத்துக் கிண்ணம் வரும், கிம்ச்சி என்கிற புளித்த காரக் கோஸ், முளைகட்டிய பயறு, உருளைக்கிழங்கு சாலட், மீன் கேக், முள்ளங்கி ஊறுகாய். எல்லாம் இலவசம், கேட்டால் இன்னும் வரும். அதோடு ஆளுக்கு ஒரு எண்ணெய்க் கிண்ணம், சம்ஜாங் என்கிற காரச் சோயா விழுதுக் கிண்ணம், வெங்காயத்தாள் சாலட், கீரைக்கூடை. மேஜையில் இருந்தவர்கள் எழுந்து போகும்போது முப்பது நாற்பது பாத்திரம் கழுவப் போகும். இரண்டு மூன்று முறை மாற்றிய சுடுதட்டுகள் தனி, சர்க்கரை கருகி ஒட்டியிருப்பதால் ஊறவைத்துச் சுரண்ட வேண்டும். ஆக, இந்த வியாபாரத்தின் மூச்சு பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்திலும் காலையில் காய் நறுக்கிக் கிம்ச்சி போடும் இடத்திலும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 2025 ஜூலையில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.87 டாலர் ஆனது. கலிஃபோர்னியாவில் டிப்ஸைக் காட்டி அதைக் குறைக்கவும் முடியாது. பல கடைகள் ‘கறி குறைந்தது இரண்டு தட்டு’ என்று கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அடுப்பை மூட்டிப் பான்சான் வைத்த நிமிடமே செலவு ஆகிவிட்டது.

ஒவ்வொரு மேஜைக்கும் எரிவாயுக் குழாய், புகைபோக்கி, கூரைக்கு மேல் விசிறி என்று போட்டு முடிப்பதும் லேசுப்பட்ட காசில்லை. அடுப்புக்கரி என்றால் இன்னும் சிரமம். எட்டாவது தெருவில் சூட் புல் ஜீப் மாதிரி கரிக்கென்றே பெயர்வாங்கிய இடங்கள் உண்டு. வெளியே வரும்போது சட்டை, தலைமுடி, கைப்பை எல்லாம் புகை நாறும். அதனால் மேல்கோட்டைப் போட்டு வைக்கப் பிளாஸ்டிக் பை தருவார்கள், சில கடைகளில் வாசலில் வாசனை ஸ்ப்ரே வைத்திருப்பார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

பின்கட்டில் யார் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொரியாடவுன் என்று பெயர் இருந்தாலும் அங்கே குடியிருப்பவர்களில் பாதிக்கும் மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். மெக்சிகோ, அதிலும் வஹாகா, குவாத்தமாலா, எல் சல்வடோர். அதற்குள்ளேயே லிட்டில் பங்களாதேஷ் என்று 2010ல் பெயர் சூட்டிய ஒரு துண்டும் இருக்கிறது. கொரிய உணவகத்தில் கிம்ச்சி போடுவது, கல்பியை ஊறவைப்பது, சுடுதட்டு மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கைகள்தான். கொரியப் பெண்மணி ஸ்பானிஷில் உத்தரவு போட, வஹாகா இளைஞர் கொரிய மொழியில் பதில் சொல்வது அங்கே யாருக்கும் வேடிக்கை இல்லை. வேலை நிலைமை மட்டும் நீண்ட காலம் மோசமாகவே இருந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை, ஓவர்டைம் கிடையாது, கையில் ரொக்கம். 1992ல் தொடங்கிய கீவா என்ற தொழிலாளர் அமைப்பு, கொரியத் தொழிலாளர்களையும் லத்தீன் தொழிலாளர்களையும் ஒன்றாகத் திரட்டி, சொந்த இனத்து முதலாளிகளையே எதிர்த்து மறியல் செய்தது. 1990களின் கடைசியில் தொழிலாளர் துறை சோதனை போட்டபோது பார்த்த உணவகங்களில் பெரும்பாலானவை சம்பளச் சட்டத்தை மீறியிருந்தன. ‘நம் மக்கள் கடை’ என்று நெகிழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

1992 என்றதும் இன்னொன்று. ஏப்ரல் 29 அன்று, ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை நீதிமன்றம் விடுவித்ததும் நகரம் பற்றி எரிந்தது. 60 பேருக்கு மேல் செத்தார்கள். நகரத்தின் மொத்தச் சேதம் சுமார் 100 கோடி டாலர், அதில் 40 கோடி அளவுக்குக் கொரியர்களுடையது, 2,000க்கும் மேற்பட்ட கடைகள். முந்தைய ஆண்டு லதாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமியை ஒரு கொரியக் கடைக்காரர் சுட்டுக் கொன்று, சிறைத் தண்டனை இல்லாமல் தப்பியதன் கோபமும் அதில் சேர்ந்திருந்தது. கொரியாடவுனைக் காப்பாற்றப் போலீஸ் வரவில்லை. கொரிய வானொலியைக் கேட்டுக்கொண்டு ஆட்கள் துப்பாக்கியோடு கூரை ஏறினார்கள். கே போட்டுச் சேர்த்ததெல்லாம் ஒரே ராத்திரியில் சாம்பலாய்ப் போனவர்களில் பலர் திரும்ப எழவில்லை. ஆனால் பேட்டை எழுந்தது. இழந்தவர்கள் போக, புதிதாகக் கொரியாவிலிருந்து முதலீட்டோடு வந்தவர்கள் பேரங்காடியும் உணவகமும் கட்டினார்கள். 2003ல் ஜெனி கிம் தொடங்கிய பார்க்ஸ் பார்பிக்யூ, ஊறலை நம்பாமல் கறியின் தரத்தை நம்பிய கடை. 2012ல் தொலைக்காட்சிப் பிரபலமும் பழைய மல்யுத்த வீரருமான கங் ஹோ-டாங்கின் பெயரில் இயங்கிய பேக்ஜோங் உணவகச் சங்கிலி, 1929ல் கட்டிய சாப்மன் பிளாசாவில் வந்து இறங்கியது. அதன் அடுப்பைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் ஓடும். ஒரு பக்கம் முட்டைக் கலவை பொங்கி வேகும், இன்னொரு பக்கம் சோளமும் சீஸும் உருகும். அதுவரை இங்கிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தது போய், கொரியாவின் பெரிய நிறுவனங்களே இங்கே கடை விரிக்க ஆரம்பித்த கட்டம் அது.

நடுவில் 2008ல் ராய் சோய் என்ற சமையல்காரர் கோகி என்ற லாரியில் கல்பிக்கறியைச் சோள டார்ட்டியா ரொட்டியில் வைத்து டாக்கோவாக விற்றார், ட்விட்டரில் லாரி எங்கே நிற்கிறது என்று பார்த்து ஜனம் வரிசை கட்டியது. இதை ‘ஃப்யூஷன்’ என்று பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. கொரியாடவுன் சமையலறைகளில் வேலைக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எதைச் சுருட்டித் தின்றிருப்பார்கள் என்று யோசித்தால் ஆச்சரியத்துக்கு இடமில்லை.

அளவில்லாமல் தின்னும் கடைகள், அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு வேண்டிய மட்டும் கேட்டு வாங்குவது, இந்த ஊரின் தனி அடையாளம். கணக்கு எளிது. முதலில் வருவது சாதொல்பாகி, மாட்டு நெஞ்சுப் பகுதியை உறையவைத்து இயந்திரத்தில் காகிதக் கனத்துக்குச் சீவி மலைபோல் குவித்தது. பார்க்க மலை, எடை போட்டால் கைப்பிடி. அப்புறம் பன்றியின் வயிற்றுக்கறியான சாம்கியோப்சால், கோழி, மெல்லியதாகச் சீவி ஊறவைத்த மாட்டுக்கறியான புல்கோகி. கல்பி வேண்டுமென்றால் மேல் விலைப் பட்டியலுக்குப் போக வேண்டும். நேரம் ஒன்றரை அல்லது இரண்டு மணி, மிச்சம் வைத்தால் தண்டம் என்று பலகை இருக்கும். கடைக்காரர் உங்களிடம் விற்பது மேஜையின் நேரத்தைத்தான். அதனால்தான் நீங்கள் ஆர்டர் கொடுத்ததும் தட்டு பறந்து வருகிறது, மூன்றாவது சுற்றில் கொஞ்சம் தாமதிக்கிறது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயம். ஊறாத கறியை முதலில் சுடுங்கள், ஊறியதைக் கடைசியில், ஏனென்றால் சர்க்கரை கருகித் தட்டு கறுத்துவிட்டால் அடுத்து வைப்பதெல்லாம் கசக்கும். கறுத்தால் தட்டு மாற்றச் சொல்லலாம், கூச்சம் வேண்டாம், மேஜையில் இருக்கும் மணியை அமுக்குவதும் மரியாதைக் குறைவில்லை. சர்வர் வந்து இடுக்கியைக் கையிலிருந்து வாங்கினால் கொடுத்துவிடுங்கள், நீங்கள் கெடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கீரை இலையில் கறி, ஒரு துண்டுப் பூண்டு, கொஞ்சம் சம்ஜாங் வைத்து மடித்து ஒரே வாயில் போட வேண்டும், பாதி கடித்தால் எல்லாம் மடியில் விழும். சோஜு என்கிற கொரியச் சாராயம் ஊற்றினால் பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் ஊற்றுவது வழக்கம், தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ள மாட்டார்கள். கறி முடிந்ததும் பனிக்குழம்பில் மிதக்கும் நெங்மியோன் நூடுல்ஸோ ட்வென்ஜாங் என்கிற புளித்த சோயா விழுதுக் குழம்பும் சோறுமோ கேட்பார்கள், வயிற்றில் கொஞ்சம் இடம் விட்டுவைக்கவும்.

மாடு சாப்பிடாத தமிழர்கள் தயங்கத் தேவையில்லை, பன்றியும் கோழியும் இருக்கிறது, தனிச் சுடுதட்டு கேட்டால் தருவார்கள். பன்றியும் ஆகாது, ஹலால் வேண்டும் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. சைவக்காரர்களை நண்பர்கள் சமாதானம் சொல்லிக் கூட்டிப்போவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறால் அல்லது மீன்சாறு இருக்கும், காய்க் குழம்பு என்று வருவதன் அடியில் நெத்திலிச் சாறு இருக்கும், கடைசியில் அந்த ஆள் முட்டையையும் சோளத்தையும் தின்றுவிட்டு பில்லில் சமபங்கு கொடுப்பார். சென்னையிலும் கொரிய உணவகங்கள் உண்டு, ஶ்ரீபெரும்புதூர் பக்கம் ஹுண்டாய் வந்ததையொட்டி முளைத்தவை. ஆனால் அவை சில வருடப் பணிக்கு வந்த அதிகாரிகளை நம்பித் தொடங்கியவை. குடியேறிப் பிழைக்க வந்தவர்களின் பேட்டை வேறு மாதிரி சமைக்கும்.

2020 கொரோனா முடக்கத்தில் உள்ளே உட்காரக் கூடாது என்றானதும் இந்த வியாபாரத்துக்குத்தான் அடி பலமாக விழுந்தது, புகைபோக்கியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாதல்லவா? வண்டி நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டு, கையடக்க எரிவாயு அடுப்பை வைத்துச் சமாளித்தார்கள். நாற்பது ஆண்டுகளாக நடந்த டோங் இல் ஜாங் உட்படச் சில பழைய கடைகள் அந்த வருடமே மூடிவிட்டன. பிழைத்தவர்களை இப்போது நெருக்குவது கறி விலை. வறட்சியாலும் தீவன விலையாலும் பண்ணைக்காரர்கள் மாடுகளைக் குறைத்ததில், 2025 ஜனவரியில் அமெரிக்காவில் எண்ணப்பட்ட மாடுகள் 8.67 கோடி, 1951க்குப் பிறகு இவ்வளவு குறைவாக இருந்ததில்லை. இதில் ஒரு கூத்து, ஒரு காலத்தில் யாரும் சீண்டாத விலா எலும்பு இப்போது எல்லாருக்கும் வேண்டும். சோலில் பண்டிகைப் பெட்டிக்கு வேண்டும், டாக்கோ லாரிக்கு வேண்டும், ஸ்டேக் கடைகளுக்கும் வேண்டும். அதனால் மெனு அட்டைகளில் பன்றி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, நாள்பட வைத்துப் பதப்படுத்திய பன்றி வயிற்றுக்கறி என்று தனிக் கடைகளே வருகின்றன. மலிவுப் பட்டியலில் கல்பி இருந்தால், எத்தனை சுற்று கேட்கலாம் என்று உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.